இருபத்துமூன்று கோழியும் ஒரு தக்காளியும்

ரூஜ், ஸ்காபரோ
சனிக்கிழமை காலை

அன்புள்ள மகள் நிரூபாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். எங்கள் இருவருக்கும் சேர்த்து உள்ள நான்கு முழங்கால்களில் மூன்று சுகம். நீயும் அங்கே மலாவியில் காய்ச்சல், தலையிடி ஒன்றுமில்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நுளம்பு வலைக்குள் படுத்து எழும்புகிறாய் என்று வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். அப்படி இல்லையென்றால் கடிதத்தை இந்த இடத்தில் மடித்து வைத்துவிட்டு முதலில் போய்ச் சாப்பிடு.

இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் முக்கியமான ஒரு முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது என்பதை உனக்கு முறைப்படி அறியத்தருகிறேன். சென்ற வாரம் வியாழக்கிழமை மாலை ஆறு இருபதுக்கு, குசினி மேசையில் உன் அம்மாவும் நானும் கலந்துகொண்ட கூட்டத்தில், கோழி வடிவத்தில் ஒரு சமையல் மணிக்கூடு வாங்குவதென்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கழுத்தைப் பிடித்து முறுக்கிவிட்டால் டிக் டிக் என்று ஓடி, குறித்த நிமிடத்தில் மணியடித்து நிற்கும் சாமான். பற்றரி தேவையில்லை. இதற்கு முன்னர் நான் மூன்று தடவை இந்த யோசனையைக் கொண்டுவந்து மூன்று தடவையும் தோற்றவன் என்பது உனக்குத் தெரியும். பேக்கரியில் பாண் சுடும் அவணுக்கு முன்னால் நின்று இருபத்தொரு வருடம் மணிச்சத்தம் கேட்டது போதும், என்ரை குசினிக்குள்ளை ஒரு மணியும் அடிக்கக்கூடாது என்பது அம்மாவின் அசையாத நிலைப்பாடு. அது எப்படி அசைந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். வட்ஸ்அப்பில் எழுதியிருக்கலாம். ஆனால் அதில் வாசித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலச் சரியைக் காட்டிவிட்டு நீ பேசாமல் இருந்துவிடுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை.

இரண்டு கிழமைக்கு முன்னர் ஞாயிற்றுக்கிழமை நீ எங்கள் இருவருக்கும் அனுப்பிய நீண்ட செய்தியை அம்மா சத்தமாக வாசித்தார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ எட்டுப் பள்ளிக்கூடங்களில் ஆசிரியர்களுக்குப் பழக்கிய வேலை, காய்ச்சலோடு வரும் பிள்ளையின் விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பரிசோதித்து, மலேரியா என்றால் அங்கேயே குளிசை கொடுக்கும் வேலை, ஆட்டம் கண்டுவிட்டது என்று எழுதியிருந்தாய். சுகாதார அதிகாரிகள் வந்து முப்பது முடிவுகளைச் சரிபார்த்ததில் ஒன்பது பிழை, மலேரியா இல்லாத ஒன்பது பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் மலேரியாக் குளிசை கொடுத்துவிட்டார்கள், ஆகவே பரிசோதனைச் சாமானும் குளிசையும் உள்ள பெட்டிகளை ஆசிரியர்களிடமிருந்து திருப்பி எடுக்கவேண்டும் என்று அதிகாரிகள் நிற்கிறார்கள், வருகிற மாதம் பதினான்காம் திகதி மாவட்டக் கூட்டத்தில் அது முடிவாகும், ஆசிரியர்களே இப்போது பின்வாங்குகிறார்கள், நான்தான் சரியாகப் பழக்கவில்லை, பதினான்காம் திகதிக்கு முன்னரே வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறேன் என்றெல்லாம் எழுதியிருந்தாய். கடைசி வரியை அம்மா இரண்டு தரம் வாசித்தார். இந்த நான்கு வருடமும் உன் அறையை வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கூட்டித் துடைத்து, யாரும் படுக்காத கட்டிலுக்கு விரிப்பு மாற்றி வந்தவருக்கு அந்த வரி எப்படி இருந்திருக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. திங்கட்கிழமை உன் யன்னலுக்குப் புதுத் திரைச்சீலை வந்தது, கடுகு மஞ்சள். செவ்வாய் காலையில் அஜக்சிலிருக்கும் உன் மச்சாள் அட்சயாவுக்குப் போன் போனது, அவள் வேலை செய்கிற இரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறதாம், காரில் இருபது நிமிடமாம், நுளம்பே இல்லையாம். நான் உன் செய்தியில் வேறொரு வரியில் நின்றுகொண்டிருந்தேன்.

உங்கள் பிரி மாஸ்டர், முதலாம் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் முதலில் ஊசியைப் பிடித்தவர், இப்போது சொல்கிறார் என்று எழுதியிருந்தாயே, நாங்கள் ஆசிரியர்கள், வைத்தியர்கள் அல்லர், மருந்து கொடுப்பது எங்கள் கடமைப் பட்டியலில் இல்லை என்று. அம்மா அதை வாசித்துவிட்டு, அந்தாள் சொல்லுறது சரிதானே, படிப்பிக்கிறவையைப் பிடிச்சு டொக்டர் வேலை செய்யச் சொன்னா அதுகள் என்ன செய்யும் என்றார். எனக்கும் அது நல்ல வசனமாகத்தான் பட்டது. அது நல்ல வசனம் என்று எனக்கு முன்னரே தெரியும், ஏனென்றால் அதை ஒருமுறை எழுதியவன் நான். செவ்வாய் பின்னேரம் அம்மாவை இருத்தி வைத்து அதைச் சொன்னேன். அவருக்குச் சொன்னதை உனக்கும் சொல்லவேண்டும்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு நீயும் அம்மாவும் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த பதினான்கு மாதம் நான் வன்னியில் ஓர் இடம்பெயர்ந்த பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். ஊரின் பெயரை எழுதவில்லை, அந்த ஊர் ஒரு பிழையும் செய்யவில்லை. அந்த வருடம் அங்கே காய்ச்சல் போகாத வீடு இல்லை. ஒரு நிவாரண நிறுவனம் வந்து, இரண்டு ஆசிரியர்களைத் தாருங்கள், மலேரியாக் குளிசை எப்படிக் கொடுப்பதென்று மூன்று நாள் பழக்குகிறோம், குளிசையையும் நாங்களே தருகிறோம் என்று கேட்டது. ஆசிரியர் கூட்டம் கூடியது. நான் எழுந்து பேசினேன். அன்றைக்குப் பேசியதுபோல நான் வாழ்க்கையில் பிறகு ஒருநாளும் பேசியதில்லை, கல்விக்கும் வைத்தியத்துக்கும் நடுவில் இருக்கும் எல்லையைப் பற்றி இருபது நிமிடம். பிள்ளைக்கு ஏதும் நடந்தால் யார் பொறுப்பு என்று கேட்டபோது தலைமை ஆசிரியரே தலையாட்டினார். கையெழுத்து வடிவு என்பதால், நாங்கள் ஆசிரியர்கள், வைத்தியர்கள் அல்லர் என்ற தீர்மானத்தை எழுதுகிற வேலையும் என்னிடமே வந்தது. பதினொருவர் ஆதரவு, மூவர் எதிர்ப்பு. நிறுவனத்துக்காரர் நன்றி சொல்லிவிட்டுக் குளிசைப் பெட்டியைத் திரும்ப வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பதினேழு நாள் கழித்து ஆறாம் வகுப்புக் கஜீவன் மூன்றாம் பாடத்தில் மேசையில் தலையை வைத்துப் படுத்தான். தொட்டுப் பார்த்தேன், கொதித்தது. என் கடமைப் பட்டியலில் என்ன இருந்ததோ அதைச் செய்தேன். கடுங்காய்ச்சல் காரணமாக மாணவன் வீட்டுக்கு அனுப்பப்படுகிறான், பெற்றோர் ஆவன செய்யவும் என்று ஒரு துண்டு எழுதி, திகதி போட்டு, கையெழுத்து வைத்து, அவனுடைய சட்டைப் பையில் வைத்து அனுப்பினேன். அதில் ஓர் எழுத்துப் பிழையும் இல்லை. வீடு மூன்று மைல், ஆஸ்பத்திரி பதினெட்டு மைல், அந்தக் கிழமை பாதை மூடியிருந்தது. நான்காம் நாள் பிள்ளை போய்விட்டான். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள்.

அம்மா ஒரேயொரு கேள்வி கேட்டார். அந்தப் பிள்ளையின்ரை தாய் பேந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தவவோ என்று. வந்தவ என்றேன். ஒரு மாதம் கழித்து வந்து அவனுடைய கணக்குப் புத்தகத்தைத் திருப்பித் தந்தவ, அரசாங்கப் புத்தகம் மாஸ்டர், வேறை பிள்ளைக்கு உதவும் என்று. கலண்டர் தாளில் உறை போட்டிருந்தது. நான் அதை வாங்கி, புத்தகப் பதிவேட்டில் அவனுடைய பெயருக்கு நேரே சரி போட்டேன். அம்மா எழும்பிப் போய், ஆறிப்போயிருந்த என் தேத்தண்ணியைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தார்.

புதன் காலை நான் இறங்கி வந்தபோது அம்மா மேசையில் உன் அட்டவணையை விரித்து வைத்திருந்தார், நீ செய்தியோடு அனுப்பி நான் அச்சடித்து வைத்திருந்த அதே தாள். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர், கண்ணாடி போட்டுக்கொண்டு முப்பது வரியிலும் விரலை ஓடவிட்டு, இஞ்சை வாங்கோ, உந்தப் பிழைச்ச ஒன்பதும் பாடம் நடக்கேக்கை எடுத்தது, இடைவேளையிலை எடுத்ததிலை ஒண்டும் பிழைக்கேல்லை, அவையின்ரை இடைவேளை எத்தினை நிமிசம் என்று கேட்டார். நீதான் முன்னர் சொல்லியிருக்கிறாய், பதினைந்து நிமிடம். ஒரு பாடம் எத்தினை நிமிசம் என்றார். முப்பத்தைந்து. இரத்தம் விட்டுப் பதினைந்து நிமிடத்தில் பார்க்கவேண்டும், அரை மணித்தியாலம் கடந்தால் அந்தப் பரிசோதனைத் துண்டில் இல்லாத கோடெல்லாம் தோன்றும் என்று நீ டிசம்பரில் லீவில் வந்து எங்கள் பேஸ்மெண்டில் நின்று சொன்னது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அந்த ஒத்திகை உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அதைப் பகிடியாக எடுத்துக்கொண்டாய், நாங்களும்தான். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நான்கு பேரை இருத்தி, திகதி முடிந்த பரிசோதனைத் துண்டுகளைக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் பாருங்கள் என்று சொல்லிவிட்டு நீ மேலே போனாய். திரும்பி வந்தபோது இராஜரட்ணம் மாஸ்டருக்கு இரண்டு கோடு. வெளியில் மைனஸ் பதினான்கு, ஸ்காபரோவில் மலேரியா. மனிசன் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் போர்வைக்குள் கிடந்தார், மனைவி கஞ்சி காய்ச்சிக் கொடுத்திருக்கிறா. நாங்கள் நால்வரும் அந்தத் துண்டுகளை எப்போது பார்த்தோம் தெரியுமா. நாற்பது நிமிடத்தில். ஒருவரும் மணிக்கூடு பார்க்கவில்லை, ஒருவரும் மறக்கவுமில்லை. அல்ஜிப்ராவைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம், கதை முடிந்தது, எழும்பினோம். எங்கள் காலத்தில் ஒரு பாடம் நாற்பது நிமிடம். மேலே புட்டு அவித்துக்கொண்டிருந்த அம்மா மட்டும்தான் நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்து, நேரமாச்சுது மாஸ்டர்மார் என்று சொன்னவர். பாடம் முடியேல்லைத் தங்கச்சி என்று இராஜரட்ணம் மாஸ்டர் பதில் சொன்னார்.

ஆகவே மகளே, உன் ஆசிரியர்கள் கவலையீனமாக இருக்கிறார்கள் என்று நீ எழுதியிருந்த வசனத்தை வெட்டு. நூறு பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிற ஆசிரியன் பாடத்தின் நடுவில் வகுப்பை விட்டு வெளியே வரமாட்டான். பாடத் தொடக்கத்தில் பிள்ளையின் விரலில் குத்திவிட்டு உள்ளே போவான், மணி அடித்ததும் வந்து பார்ப்பான். அதைக் கவலையீனம் என்று சொல்லாதே, அது எங்களுடைய ஒழுக்கம். உன் பழக்கத்தில் பிழை இருந்தது உண்மைதான், பதினைந்து நிமிடம் என்று சொன்னாய், பதினைந்தாவது நிமிடத்தில் அவனை யார் கூப்பிடுவது என்று சொல்லவில்லை. அது திருத்தக்கூடிய பிழை. தேவையில்லாத பிள்ளைக்குக் கொடுக்கும் குளிசை, தேவையான பிள்ளைக்கு இல்லாமல் போகும் என்பதும், மலேரியா இல்லாத காய்ச்சலுக்கு மலேரியா என்று பெயர் வைத்தால் பிறகு உண்மைக் காரணத்தை ஒருவரும் தேடமாட்டார்கள் என்பதும் எனக்கு விளங்குகிறது, அதிகாரிகள் பொய் சொல்லவில்லை. அதற்காகப் பெட்டியை வாகனத்தில் திரும்ப ஏற்றுவது எந்த ஊர் வழக்கம் என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமைத் தீர்மானம் இந்தப் பின்னணியில்தான் நிறைவேறியது. வெள்ளிக்கிழமை மோர்னிங்சைட் பிளாசாவில் முதலாவது கோழியை வாங்கி, சனிக்கிழமை இராஜரட்ணம் மாஸ்டரைத் திரும்பக் கூப்பிட்டு, டிசம்பரில் மிஞ்சிய இரண்டு துண்டில் ஒன்றை அவர் விரலில் பரீட்சித்தோம். நான் அவரைக் கதையில் இழுத்து வைத்திருந்தேன், பதினைந்தாம் நிமிடம் கோழி மணியடித்தது, மனிசன் வசனத்தின் நடுவில் எழும்பிப் போய்ப் பார்த்தார். ஒரு கோடு. மலேரியா சுகமாகிவிட்டது. மாஸ்டர் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் வெளிக்கிட்டார். அதற்குப் பிறகு அம்மாவை நிறுத்த முடியவில்லை. எட்டுப் பள்ளிக்கூடம், பள்ளிக்கு மூன்று என்று கணக்குப் போட்டு, என்னைப் பஸ்ஸில் ஏற்றி, நான்கு பிளாசா இறங்கி, இருபத்துமூன்று கோழி சேர்த்தோம். இருபத்துநான்காவது இந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை, ஆகவே ஒரு தக்காளி. அதுவும் பதினைந்து நிமிடத்துக்கு மணியடிக்கும், சோதித்துவிட்டோம். தக்காளியை எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பது, யார் கோபிப்பார்கள் என்பதெல்லாம் உன்னுடைய நிர்வாகப் பொறுப்பு. உன்னோடு வேலை செய்கிற செரீனா லீவு முடிந்து நாளைக்குப் பறக்கிறாள் அல்லவா, அவளிடம்தான் பையையும் இந்தக் கடிதத்தையும் கொடுத்துவிடுகிறோம். டிக் டிக் என்று சத்தம் போடுகிற பையோடு ஒரு பிள்ளை விமான நிலையத்துக்குப் போவது எவ்வளவு புத்திசாலித்தனம் என்று அம்மாவுக்கு நேற்றுத்தான் யோசனை வந்தது. எல்லாக் கோழியையும் ஓடி முடியவிட்டு, கழுத்தில் டேப் ஒட்டியிருக்கிறார். நானும் இவை சமையல் மணிக்கூடுகள், பாடசாலைப் பாவனைக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிப் பையில் வைத்திருக்கிறேன். என் கையெழுத்து இன்னும் வடிவாகத்தான் இருக்கிறது, இந்த முறை அது ஒரு பெட்டியை உள்ளே போகவிடுவதற்கு உதவட்டும்.

இனி நீ செய்யவேண்டியது. இந்தக் கிழமையே முதலாம் பள்ளிக்கூடத்தில் கோழியை வைத்து முப்பது பரிசோதனை எடு, அதே அதிகாரிகளையே கூப்பிட்டுச் சரிபார்க்கச் சொல். எத்தனை பிழை வருகிறதோ அத்தனையையும் மறைக்காமல் எழுது. பதினான்காம் திகதி கூட்டத்துக்கு அந்தத் தாளோடு போ. தனியாகப் போகாதே, பிரி மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு போ. அவர் வரமாட்டார் என்று சொன்னால் உன் அப்பாவைப் பற்றிச் சொல், நான் எழுதிய தீர்மானத்தையும் சொல், கஜீவனின் பையில் வைத்த துண்டையும் சொல், புத்தகத்தையும் சொல். மறைக்கவேண்டாம். அந்த வசனத்தை முதலில் சொன்னவன் என்ற முறையில், அதைத் திருப்பி எடுக்கும் உரிமையை நான் அவருக்குத் தருகிறேன் என்று சொல். அதற்குப் பிறகும் அவர்கள் வேண்டாமென்று வாக்களித்தால் வாக்களிக்கட்டும், கை தூக்கியவர்களின் பெயரை எழுதிக்கொள்ளவேண்டாம், வரவேண்டிய அடுத்த கூட்டத்தின் திகதியை மட்டும் கேட்டு எழுதிக்கொள். நீ சோர்ந்துபோயிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். சோர்ந்தால் ஒரு நாள் படுத்து எழும்பு. இரண்டு நாள் வேண்டுமென்றாலும் எடு, இராஜரட்ணம் மாஸ்டர் ஒரு நோயும் இல்லாமலே இரண்டு நாள் எடுத்தவர்.

வேறு புதினம் பெரிதாக இல்லை. அட்சயாவின் நிலையத்தில் அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம், அம்மாதான் போன் பண்ணி எடுக்கச் சொன்னவர். பனி கரைந்து முன்வளவு சேறாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் மரத்தை வெட்டப்போகிறேன் என்று மூன்றாவது வருடமாகச் சொல்கிறார், மரம் நம்பிக்கையோடு துளிர்த்திருக்கிறது. என் இடது முழங்காலுக்கு ஊசி போடலாம் என்று டொக்டர் சொன்னார், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நீ சோளமாக் களியையே இரண்டு நேரமும் சாப்பிடுகிறாய் என்று அம்மாவுக்குக் கவலை, பருப்பாவது சேர்த்துக்கொள்ளட்டாம், பையின் அடியில் மிளகாய்த்தூள் இருக்கிறது, அது கோழிகளுக்கு அல்ல என்றும் எழுதச் சொன்னார். நுளம்புக்கு உடம்பில் பூச ஒரு எண்ணெயும் தந்துவிட்டிருக்கிறார். அதைப் பூசு, ஆனால் அதை நம்பாதே.

நீ எடுத்த காரியத்தில் கடைசிவரை நிற்கவேண்டும், நின்ற இடத்தில் சுகமாக நிற்கவேண்டும். உனக்கும், உன் ஆசிரியர்களுக்கும், மணி அடிக்கும்வரை வாசலில் விரலைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் அந்தப் பிள்ளைகளுக்கும் எங்கள் இருவருடைய ஆசியும். உன் படுக்கை வலையில் கால்மாட்டுப் பக்கம் ஒரு ஓட்டை இருப்பது போன மாதம் வீடியோவில் தெரிந்தது, இதுவரை தைத்திருக்கமாட்டாய். ஊசியும் நூலும் தக்காளியோடு ஒட்டியிருக்கிறது. கடிதத்தை வாசித்து முடித்ததும் அதைத் தை, கூட்டத்துக்கு ஆயத்தம் பிறகு.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா
சி. ஸ்ரீஸ்கந்தராசா

பி.கு. உன் அறையை அம்மா லக்ஷிகா என்ற பிள்ளைக்கு ஒரு வருடத்துக்கு வாடகைக்குக் கொடுத்துவிட்டார். திருகோணமலைப் பக்கத்துப் பிள்ளை, நேர்சிங் படிக்கிறாள். நேற்று வெள்ளிக்கிழமை பெட்டிகளோடு வந்துவிட்டாள். விரிப்பை அவளே மாற்றிக்கொண்டாள்.